ரத்தம் கொடுத்த மறுநாள்

ஓடிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, நானூறு மீட்டர். ஏழு மாதமாகக் காலையும் மாலையும் ஓடிய அதே கல்லூரி மைதானம், அதே செம்மண், அதே சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறேன், குனிந்ததும் தலைக்குள் ஏதோ முன்பக்கம் சரிகிறது, பாதி நிரம்பிய குடத்தைச் சாய்த்தால் தண்ணீர் சரியுமே, அப்படி. நேற்றுப் பதினொரு மணிக்குக் கொடுத்தது. இப்போது மாலை ஐந்து. முப்பது மணி நேரம். முப்பது மணி நேரத்தில் போனது பாதியாவது ஊறியிருக்காதா? தண்ணீர்ப் பாகம் ஒன்றிரண்டு நாளில் ஊறிவிடும், சிவப்பு அணு ஊற வாரக்கணக்காகும் என்று ரத்தம் எடுத்த நர்ஸக்கா சொன்னாள். ரெண்டு நாளைக்கு ஓட்டம் சாட்டம் ஒண்ணும் வேண்டாம், கனம் தூக்காதே, நிறையத் தண்ணி குடி என்றாள். நான் தலையை ஆட்டினேன். நாளைக் காலை எனக்குத் தேர்வு என்று சொல்லவில்லை. காக்கிச் சட்டை வேலைக்கான ஓட்டம், மூன்றாவது முறை, இதற்கு மேல் எனக்கு வயது கிடையாது, சித்திரை வந்தால் விண்ணப்பமே போட முடியாது. இதையெல்லாம் அவளிடம் ஏன் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கலாம். அவள் கேட்டாளே. ஊசி குத்துவதற்கு முன்னால் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "நீ என்னமா செய்யுற, ரெண்டு நாள்ல அலைச்சல், ஓட்டம், போட்டி அப்பிடி எதுவும் இருக்கா?" இல்லக்கா, துணிக்கடையில நிக்கேன், அம்புட்டுதான் என்றேன். துணிக்கடையில் நிற்பது உண்மைதான். அம்புட்டுதான் என்பதுதான் பொய். அந்தச் சொல் நேற்றிலிருந்து தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது, சோற்று உருண்டையை விழுங்கினாலும் போகவில்லை.

"இசக்கி, ரெடியா?" என்று சொர்ணம் கத்துகிறாள். கையில் போனை நேரம் பார்ப்பதற்காகப் பிடித்துக்கொண்டு கோட்டுப் பக்கம் நிற்கிறாள். அவளும் நாளைக்கு ஓடுகிறவள்தான், போன வருஷத் தேர்விலும் என்னோடு ஓடியவள், இந்த முறை என்னோடு ஒரே நாளில் விண்ணப்பம் போட்டவள், ஏழு மாதமாக என் கூட ஓடுகிறவள். அவளுக்கும் நான் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட்டு வந்திருக்கிறேன், முழங்கை மடிப்பில் ஒட்டிய பிளாஸ்திரி தெரியக்கூடாது என்று. போ என்றாள், போனேன். முதல் ஐம்பது மீட்டரில் ஒன்றும் தெரியவில்லை, கால் தன்பாட்டுக்கு எழும்பியது, பார்த்தாயா ஒன்றுமில்லை, உடம்பு என்றால் இப்படித்தான், எடுத்தால் ஊறும், கிணறு மாதிரி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குற்றாலத்துப் பக்கம் சாரல் விழுந்திருக்க வேண்டும், காற்று ஈரமாக வந்து முகத்தில் அடித்தது, வானம் இரண்டு நாளாகத் திறக்கவே இல்லை, கழுவாத ஈயச்சட்டி மாதிரி ஒரு வானம். முதல் வளைவில் மூச்சு பத்தவில்லை. அது வழக்கமாக மூன்றாவது வளைவில்தான் வரும். வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது மாதிரி ஒரு ருசி. நேற்று ரத்தம் எடுக்கிற கட்டிலில் கிடந்தபோதும் இதே ருசி வந்தது, கையில் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கி அமுக்கி விடச் சொன்னார்கள், பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் பையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டிருந்தது, நான் பையைப் பார்க்காமல் மேலே சுற்றாத காற்றாடியைப் பார்த்தேன். காற்றாடியின் ஒரு இறக்கையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. எனக்கு அப்போது பயமே இல்லை. பயம் இல்லை என்பது மட்டுமில்லை, ஒரு நிம்மதி இருந்தது, இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போன நிம்மதி, அந்தக் குழாய் வழியாக அதுவும் சேர்ந்து இறங்குகிறது போல. அந்த நிம்மதி எதற்கு? அதைத்தான் நான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இப்போது இருநூறு மீட்டரில், காதுக்குள் வண்டு நுழைந்த மாதிரி இரைகிறபோதும் அதைத்தான் கேட்கிறேன், உனக்கு எதுக்குட்டி நிம்மதி வந்தது?

போன் வந்தபோது கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முகாமில் பெயரும் ரத்த வகையும் எழுதிக்கொடுத்திருந்தேன், அந்த ஆட்கள். ஓ நெகட்டிவ், அரசு ஆஸ்பத்திரி, பிரசவம் ஆன பொம்பளை, ரத்தம் நிக்கலை, இருந்த பையெல்லாம் ஏத்தியாச்சு, உங்களால வர முடியுமா, இல்லைன்னாலும் பரவாயில்லை, என்று அவர் பேசிக்கொண்டே போனார். அவர் முடிக்கவில்லை. முடிப்பதற்கு முன்னாலேயே வாரேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், நாளை மறுநாள் எனக்கு ஓட்டம் இருக்கு சார், வேற ஆளைக் கேட்டுப் பாருங்க, யாரும் கிடைக்கலைன்னா கூப்பிடுங்க என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. யோசித்துவிட்டுக் கொடுத்திருந்தால் அது தானம். யோசிக்காமல் கை நீட்டினால் அது என்ன? நல்ல மனசு என்பார்கள். எனக்குத் தெரியும் என் மனசு. ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள், பன்னிரண்டரை இருந்தால்தான் எடுப்பார்களாம், எனக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு. தப்பிச்சே போ என்று சிரித்தார் பார்த்தவர். கொஞ்சம் குறைந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்தக் கொஞ்சம் குறையாமல் இருந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், மதிப்பெண் வாங்கின பிள்ளை மாதிரி. வெளியே வராந்தாவில் அந்தப் பொம்பளையின் புருஷன் நின்றான், லோடு ஆட்டோ ஓட்டுகிறவனாம், ஒல்லியாக, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பான்.

மூன்றாவது வளைவில் இரண்டு கண்ணின் ஓரமும் கறுத்துக்கொண்டு வந்தது, நடுவில் மட்டும் ஒரு வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு தெரிந்தது, கோடு தெரிகிற வரைக்கும் ஓடு, கோடு தெரிகிற வரைக்கும் ஓடு, கால் என்னுடையதாக இல்லை, யாரோ ரெண்டு ஈரச் சாக்கைக் கட்டிவிட்ட மாதிரி. கடைசிக் கோட்டைத் தாண்டினேனா தாண்டுமுன் உட்கார்ந்தேனா தெரியவில்லை. முகத்துக்கு நேரே சொர்ணத்தின் முகம். "ஏட்டி, என்ன செய்யுது? உதடு ஏன் இப்பிடி வெளுத்துப் போயிருக்கு?" என்கிறாள். எனக்குக் கேட்கிறது, பதில் சொல்ல நாக்கு எழும்பவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளி நாடி பார்க்கப் போனவள் பிளாஸ்திரியைக் கண்டுவிட்டாள். சுற்றிலும் நாவற்பழத்தை நசுக்கின நிறத்தில் ஒரு கன்றிப்போன வட்டம். "இது என்ன?" "ரத்தம் குடுத்தேன்." "எப்போ?" "நேத்து." அவள் என் இரண்டு காலையும் தூக்கித் தன் பையின் மேல் வைத்தாள், தலையைத் தரையோடு வைக்கச் சொன்னாள், பாட்டில் தண்ணீரில் உப்பும் சீனியும் போட்டுக் குலுக்கி வாயில் ஊற்றினாள். இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் ஏசினாள். "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நாளைக்கு ஓட்டத்தை வச்சுக்கிட்டு எவளாவது போயி ரத்தம் குடுப்பாளா? ஊர்ல வேற ஆளே இல்லையா?" ஒரு பொம்பளைக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கலைன்னாங்க, அந்த வகை கிடைக்கலையாம் என்றேன். சொர்ணம் என் நெற்றியில் ஒட்டின மண்ணைத் துடைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "நீ பெரிய மனசுக்காரிதான்ட்டி. நானா இருந்தா போயிருக்க மாட்டேன்." எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவள் போனைப் பார்க்காமலே, அதை விடு என்றாள். பிடுங்கிப் பார்த்தேன். ஒரு நிமிஷம் நாற்பத்து மூன்று. போன வாரம் ஒரு நிமிஷம் இருபத்திரண்டு. வேலை கிடைக்கிறவர்கள் எல்லாம் ஒன்றரைக்குள் ஓடுகிறவர்கள்.

பெரிய மனசுக்காரி. கையை ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மல்லாந்து கிடக்கிறேன், முதுகுக்குக் கீழே மண் குளிர்ந்து கிடக்கிறது, மேலே வானம் வெகு கீழே இறங்கி நிற்கிறது, சாரல் விழவுமில்லை போகவுமில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மாள் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறாள், போகிறபோது வெயில் தாங்கலையோ என்கிறாள், வெயிலே இல்லை. போன வருஷம் இதே மாதிரிக் கிடந்தேன், வேறொரு மைதானத்தில், நெஞ்சில் எண் ஒட்டிய பனியனோடு. எல்லாரும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்கள். நான்தான் அப்படிச் சொன்னேன். பிடிக்கவில்லை. கடைசி வளைவு தாண்டி, எனக்கு முன்னால் நான்கு பேர்தான் போகிறார்கள், மூன்றாவது ஆளை எட்டிப் பிடித்துவிடலாம், கால் வலிக்கவில்லை, மூச்சு இருக்கிறது, அப்போது ஒரு எண்ணம் வந்தது, முழுசாக ஓடியும் தோற்றால்? அவ்வளவுதான். உயிரைக் கொடுத்து ஓடி, நேரம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் யார்? துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறவள், நான் ஓடினால் ஜெயிப்பேன் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் நிற்கிறாள், அதையும் பிடுங்கிவிட்டால் எதை வைத்துக்கொண்டு நிற்பாள்? நின்றுவிட்டேன். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஓடிவந்த பெண் என்னைத் தாண்டிக் குதித்துப் போனாள், அவள் செருப்பில்லாத காலின் அழுக்குக் குதிகால் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், முறத்திலிருந்து கண்ணெடுக்காமல், கால்தானே, சரியாப் போயிரும், கால் இல்லாமலா போச்சு என்றாள். ஒரு வாரம் வெந்நீர் போட்டுக் காலில் ஊற்றிவிட்டாள். வலிக்காத காலில். நானும் நொண்டி நொண்டி நடந்தேன், ஒரு வாரம், வீட்டுக்குள்ளேகூட, யாரும் இல்லாத நேரத்தில்கூட. இந்த முறை கால் பிடித்தது என்று சொல்ல முடியாது. இந்த முறை அதைவிட நல்லதாக ஒன்று கிடைத்தது. யாரும் குறை சொல்ல முடியாத ஒன்று. தோற்றால் ஊரே சொல்லும், பாவம், ரத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள், இல்லையென்றால் ஜெயித்திருப்பாள்.

அந்தப் பொம்பளை என்ன ஆனாள்? இதை இப்போதுதான் நினைக்கிறேன் என்பது எவ்வளவு கேவலம். இல்லை, இப்போதுதான் என்று சொல்ல முடியாது, நேற்று ராத்திரியும் நினைத்தேன், ஆனால் எப்படி நினைத்தேன்? அவள் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டினேன், ஏன் என்றால் பிழைத்தால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். அவள் உயிரை எனக்கு ஒரு சாட்சியாகக் கேட்டேன். அவளுக்காகக் கேட்கவில்லை, பிறந்த பிள்ளைக்காகக் கேட்கவில்லை, அந்த மாறிப் போட்ட பொத்தான்காரனுக்காகக் கேட்கவில்லை. அவன் என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறான், தங்கச்சி எப்பிடி இருக்கான்னு நானே கூப்பிட்டுச் சொல்லுதேன் என்றான், தங்கச்சி என்று என்னைத்தான் சொன்னானா தன் பெண்டாட்டியைச் சொன்னானா என்று குழம்பி, என்னைத்தான் என்று பிறகு புரிந்தது, தங்கச்சி, அவ எப்பிடி இருக்கான்னு. கூப்பிடவில்லை. முப்பது மணி நேரம். நல்ல சேதி என்றால் கூப்பிட்டிருப்பான். சந்தோஷத்தில் மறந்துவிட்டிருக்கலாம். சந்தோஷத்தில் மறப்பார்கள், துக்கத்தில் மறக்க மாட்டார்கள், இல்லை, துக்கத்தில்தான் மறப்பார்கள். நானே கூப்பிடலாம். கூப்பிட்டால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் இரண்டும் இருக்கிறது. இதுவும் அதேதான், ஓடாத வரைக்கும் ஜெயிக்கிறவள் மாதிரி. எனக்கு எல்லாமே தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் என் வியாதி, ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

"எந்திரி, சும்மா கெடந்தா கால் விறைச்சுக்கும். ஓட வேண்டாம், மெதுவா நட" என்று சொர்ணம் கையைப் பிடித்துத் தூக்குகிறாள். எழுந்தவுடன் மைதானம் ஒரு பக்கம் சாய்ந்து பிறகு நேரானது. இரண்டு பேரும் சுற்றுப்பாதையின் ஓரமாக நடக்கிறோம், அவள் கை என் முழங்கைக்கு மேலே, கன்றிப்போன இடத்தில் படாமல். ஒரு அரைச் சுற்று நடந்ததும் மூச்சு சீரானது. வியர்வை ஆறி உடம்பு சில்லிட்டது. அவளிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. நாளைக்கு நீ ஜெயிப்பே சொர்ணம் என்றேன். நீயும் ஓடு, வாரது வரட்டும் என்றாள். "நான் எதுக்குக் குடுத்தேன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். அவள் நின்றாள். "ஓடாம இருக்கதுக்குத்தான் குடுத்தேன். போன வருஷம் கால் புடிக்கலை. நானா நின்னேன்." சொல்லிவிட்டேன். ஏழு மாதமாக என்னோடு ஓடியவள், என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள், என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அழுவாள் என்றுகூடப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்" என்றாள். "நான் பின்னாடிதானே ஓடிவந்தேன். காலைப் புடிக்கதுக்கு முன்னாடியே நீ நின்னதைப் பாத்தேன்." அப்புறம், "இளநி வாங்கிட்டு வாரேன், இங்கனயே உக்காரு" என்று வாசலைப் பார்த்துப் போய்விட்டாள். முதுகு மட்டும் தெரிகிறது. ஒரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எண்ணெய் தேய்த்திருக்கிறாள். படிக்கட்டில் உட்கார்ந்தேன், சிமெண்டு ஈரமாக இருந்தது, எங்கேயோ சர்ச்சில் சாயந்தர ஜெபத்துக்கு மணி அடித்தார்கள், அது நின்ற பிறகும் காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லை, அது மணி இல்லை, என் ரத்தம்தான், குறைந்துபோன ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிற சத்தம்.

போன் அடித்தது. பெயர் இல்லாத எண். எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐந்தாவது மணியில் எடுத்தேன். "தங்கச்சி, நான் ஞானதுரை பேசுதேன். ஆஸ்பத்திரியில... நேத்து..." தெரியுதுண்ணே என்றேன். அந்தப் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம், இரும்புக் கால் தரையில் உரசுகிற சத்தம், யாரோ ஒரு பெண் விட்டுவிட்டு அழுகிறாள். அவன் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஜெபக்கனி போயிட்டாம்மா. மத்தியானம் ரெண்டு மணிக்கு. உங்க ரத்தமும் ஏறுச்சு. ராத்திரி கொஞ்சம் தெளிவா இருந்தா, பிள்ளையைக் கேட்டா, காட்டுனோம். பொறவு காலைல திரும்பவும்..." நிறுத்தினான். ஜெபக்கனி. பெயர் கேட்கவே இல்லை நான். அந்தப் பொம்பளை அந்தப் பொம்பளை என்றே முப்பது மணி நேரம். பிள்ளை என்ன பிள்ளைண்ணே என்று கேட்டேன். பொம்பளப் பிள்ளை, நல்லா இருக்கு என்றான். பிறகு அவன் குரலே மாறி, "உங்களுக்கு உடம்பு எப்பிடி இருக்கு தங்கச்சி? தலை சுத்தல் கித்தல் இல்லையே? அந்தப் பதட்டத்துல ஒரு ஜூஸ் வாங்கித் தரணும்னுகூடத் தோணலை எனக்கு. ராத்திரி நெனச்சேன், ஒரு பொம்பளப்பிள்ளை வந்து ரத்தம் குடுத்துட்டுப் பஸ்ஸுல தனியாப் போச்சே, எப்பிடிப் போச்சோன்னு" என்றான். பெண்டாட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு என் தலைச்சுற்றலைக் கேட்கிறான். நான் அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், அவன் என்னைப் பஸ் ஏற்றிவிடாததற்கு வருத்தப்படுகிறான். நல்லா இருக்கேன்ணே என்றேன், குரல் எங்கேயோ இருந்து வந்தது. "எப்போ எடுக்கீங்க?" "நாளைக்குக் காலைல. பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டம். முடிஞ்சா வாங்க தங்கச்சி. நீங்க வந்தா... அவ ஒடம்புல கடைசியா ஓடுனது உங்க ரத்தம்லா. நீங்க வந்து நின்னா நல்லாருக்கும்னு எங்கம்மா சொல்லுதா."

நாளைக் காலை. ஆறு மணிக்கு மைதானத்துக்குள் போக வேண்டும், என் எண் கூப்பிட ஒன்பது பத்து ஆகும், உள்ளே போனால் வெளியே வர முடியாது. சொல்லிவிடலாம், வாரேன்ணே என்று. அந்தச் சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது, நேற்று வந்த மாதிரியே, அவன் முடிப்பதற்கு முன்னாலேயே. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கத் தொடங்கிவிட்டது, அந்த நிம்மதி, அதே நிம்மதி, வெட்கமில்லாமல் திரும்பவும். இறந்துபோனவள் வீட்டுக்குப் போகிறவளை யார் என்ன சொல்ல முடியும்? சொர்ணமே சொல்ல மாட்டாள். அம்மா சொல்ல மாட்டாள். பெரிய மனசுக்காரி என்பார்கள். நான் நல்லவளாக அந்தச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழலாம், அந்த அழுகை உண்மையாகக்கூட இருக்கும், ஆனால் உண்மையான அழுகைக்குப் பின்னால் நான் ஒளிந்திருப்பேன், ஜெபக்கனியை இரண்டாவது முறையும் எனக்கு எடுத்துக்கொள்வேன். பல்லைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது யாருக்கு என்று பார்க்கவில்லை. "அண்ணே" என்றேன். "சொல்லும்மா." "என்னால வர முடியாதுண்ணே." அந்தப் பக்கம் அழுகிற பெண் அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தாள். "நாளைக்கு எனக்கு ஓட்டம் இருக்கு. போலீஸ் வேலைக்கு. காலைல உள்ள போனா வெளிய விட மாட்டாங்க." சொல்லக் கேட்கும்போதே எவ்வளவு கல்நெஞ்சாக இருந்தது, சாவு வீட்டுக்காரனிடம் ஓட்டம், வேலை. அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பிறகு, "நாளைக்கு ஓட்டத்தை வச்சுக்கிட்டா நேத்து வந்தீங்க?" என்றான். ஆமாண்ணே என்றேன். அவன் போனைக் கையில் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ சொன்னான், அவன் அம்மாவாக இருக்கும். திரும்பி வந்து, "சரிம்மா. நீங்க ஓடுங்க. சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்று வைத்தான்.

சொர்ணம் இரண்டு கையிலும் இளநீரோடு வந்தாள். வழுக்கையைச் சுரண்ட ஓட்டில் சீவின துண்டையும் வாங்கி வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு போன்ல?" என்றாள். "தெரிஞ்சவங்க" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. இளநீர் கொஞ்சம் உப்புக் கரித்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன், சட்டைக் கை மேலே ஏறிப் பிளாஸ்திரி தெரிந்தது, தெரியட்டும் என்று விட்டேன். சாரல் விழ ஆரம்பித்தது. நாளைக்கு ஒன்று நாற்பத்து மூன்று வரும், ஒருவேளை ஒன்று நாற்பது வரும், அது பத்தாது, எனக்குத் தெரிகிறது, பத்தாது. "காலைல அஞ்சு மணிக்கு வந்து என்னைய எழுப்பு சொர்ணம்" என்றேன். "நான் வர மாட்டேன்னு சொன்னாலும் இழுத்துட்டுப் போ."